வயலின் வர வேண்டிய இடத்தில் வயலின் இல்லை

கேள்வி: எனக்கு வயது 54. டெய்லர் கடை வைத்திருக்கிறேன். ஐந்து மாதத்துக்கு முன் ஒரு நாள் காலையில் எழுந்தபோது இடது காது அடைத்தாற்போல் இருந்தது. சளி என்று நினைத்து எண்ணெய் காய்ச்சி ஊற்றினேன். மூன்று வாரம் கழித்துத்தான் டாக்டரிடம் போனேன். நரம்பு பாதிப்பு என்றார்கள். மாத்திரை சாப்பிட்டும் காது திரும்பவில்லை. வலது காதில் குறையில்லை என்றார்கள். ஆனால் மெஷினில் உட்கார்ந்து இயர்போனில் பாட்டுப் போட்டால், மனப்பாடமாகத் தெரிந்த பாட்டிலேயே வயலின் வரும் இடத்தில் வயலின் இல்லை. கோரஸ் பாதிதான் வருகிறது. வலது காதும் போய்க்கொண்டிருக்கிறதா? இனிமேல் பாட்டுக் கேட்கலாமா?

பதில்: வயலின் எங்கேயும் போகவில்லை, இடது பக்க வயரில்தான் இருக்கிறது. சந்தேகமாக இருந்தால் 'எல்' என்று எழுதியிருக்கும் இயர்போனை எடுத்து வலது காதில் மாட்டி, அதே பாட்டை அதே இடத்திலிருந்து ஓடவிடுங்கள். காணாமல் போன வயலின் வந்துவிடும். இதுவரை கேட்டுக்கொண்டிருந்த வேறு ஏதாவது, கிதாரோ தபேலாவோ, காணாமல் போயிருக்கும்.

ஸ்டீரியோ பதிவு அப்படித்தான். பாடுபவரின் குரலைப் பெரும்பாலும் இரண்டு பக்கமும் சமமாக வைப்பார்கள். வாத்தியங்களை இடம், வலம் என்று பிரித்துவிடுவார்கள். இடது காதுக்கென்று ஒதுக்கியது அங்கே போய் நின்றுவிடுகிறது. உங்கள் வலது காது தன் பங்கை ஒழுங்காகத்தான் கேட்கிறது.

இதற்கு மருந்து போனிலேயே இருக்கிறது. ஐபோனோ ஆண்ட்ராய்டோ, செட்டிங்ஸில் 'அக்சசிபிலிட்டி' என்ற பகுதிக்குப் போனால் 'மோனோ ஆடியோ' என்று ஒன்று இருக்கும். அதை ஆன் செய்தால் இரண்டு பக்கமும் கலந்து ஒவ்வொரு இயர்போனிலும் முழுப்பாட்டு வரும். பக்கத்திலேயே இருக்கும் பேலன்ஸ் கோட்டை மட்டும் வலது பக்கம் தள்ளிவிட்டுச் சரியாகிவிட்டது என்று சிலர் நினைக்கிறார்கள். மோனோ போடாமல் அதைத் தள்ளினால் இடது பக்க வயலின் இன்னும் அமுங்கித்தான் போகும்.

ஒன்று கவனித்தீர்களா? ரொம்பப் பழைய பாட்டுகளில் உங்களுக்கு இந்தத் தொல்லை அவ்வளவாக இருக்காது. எழுபதுகளின் நடுப்பகுதி வரை வந்த தமிழ்த் திரைப்பாட்டுகள் பெரும்பாலும் மோனோவில் பதிவானவை. அமெரிக்காவில் பீச் பாய்ஸ் இசைக்குழுவின் பிரையன் வில்சனுக்குச் சிறுவயதிலிருந்தே வலது காது ஏறக்குறைய கேட்காமல் இருந்தது. அறுபதுகளில் அந்தக் குழுவின் இசைத்தட்டுகளை, அடுக்கடுக்கான அத்தனை கோரஸோடு, மோனோவில் கலந்தவர் அவர்தான்.

மோனோவில் திரும்பாதது ஒன்று உண்டு: இசையின் அகலம். இடது பக்கமிருந்து வரும் ஒலி வலது காதை எட்ட, ஒரு வினாடியில் ஏறக்குறைய 1,500-ல் ஒரு பங்கு நேரம் கூடுதலாக ஆகும். இந்தத் துளி வித்தியாசத்தையும், தலை மறைப்பதால் ஒலி குறைவதையும் வைத்துத்தான் எது எங்கிருந்து வருகிறது என்று மூளை கணக்குப் போடுகிறது. ஒரு காதில் அந்தக் கணக்கு வராது. எல்லா வாத்தியமும் ஒரே பெஞ்சில் நெருக்கி உட்கார்ந்த மாதிரி கேட்கும். முதல் சில மாதம் எரிச்சலாக இருக்கும், அப்புறம் பெரும்பாலானவர்களுக்குப் பழகிவிடும். சுருதி, தாளம், குரலின் குழைவு இதற்கெல்லாம் ஒரு நல்ல காது போதும். கச்சேரிக்குப் போனால் அரங்கின் இடது பக்கம் உட்காருங்கள், வலது காது மேடையைப் பார்த்து இருக்கும். ஸ்பீக்கர் பக்கத்தில் மட்டும் வேண்டாம்.

வலது காதும் போய்விடுமா என்ற பயத்துக்கு வருவோம். திடீரென்று வரும் நரம்புச் செவித்திறன் இழப்பு பெரும்பாலும் ஒரு காதோடு நிற்கும், மற்றதற்கும் வருவது அரிது. பெரும்பாலானவர்களுக்குக் காரணம் கண்டுபிடிக்க முடிவதில்லை. ஆனால் சிலருக்குக் காது நரம்பில் சிறிய கட்டி இருக்கும். புற்றுநோய் அல்ல, இருந்தாலும் தெரிந்துகொள்ள வேண்டியது. எம்.ஆர்.ஐ. எடுத்ததாக நீங்கள் எழுதவில்லை. எடுக்கவில்லை என்றால் காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் கேட்டு எடுத்துவிடுங்கள்.

மூன்று வாரம் எண்ணெய் ஊற்றிக்கொண்டு இருந்ததற்கு இப்போது உங்களைத் திட்டிப் பயனில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். ஒரு காது திடீரென்று மந்தமானால் அன்றைக்கே, முடியாவிட்டால் மறுநாள், மருத்துவரைப் பாருங்கள். குறும்பி அடைப்பாக இருந்தால் எடுத்துவிட்டு அனுப்பிவிடுவார். நரம்பாக இருந்தால் ஸ்டீராய்டு தர வேண்டும். முதல் சில நாட்களில் தொடங்கினால்தான் நல்ல வாய்ப்பு. இரண்டு வாரம் தாண்டினால் பலன் வெகுவாகக் குறையும். சர்க்கரை நோய் இருந்தால் முதலிலேயே சொல்லிவிடுங்கள், ஸ்டீராய்டு சர்க்கரையை ஏற்றும்.

கருவிகளைப் பற்றி: கேட்காத பக்கத்து ஒலியை நல்ல காதுக்கு அனுப்பும் 'கிராஸ்' வகைக் கருவி, இடது பக்கம் நின்று பேசும் வாடிக்கையாளருக்கு உதவும். பாட்டுக்குப் பெரிதாக உதவாது. அறுவை சிகிச்சை செய்து உள்காதில் வைக்கும் 'காக்ளியர் இம்ப்ளான்ட்' கருவியைப் பொருத்தினால் ஒலி வரும் திசை ஓரளவு தெரியும், ஆனால் அதன் வழியாக இசை பழையபடி இருக்காது, செலவும் அதிகம். உங்களுக்கு இப்போது அவசரமில்லை.

எனக்குக் கவலை உங்கள் தையல் மெஷின்தான். மெஷின் சத்தத்தை அமுக்கப் பாட்டின் சத்தத்தைக் கூட்டுவீர்கள். இரண்டு காதுக்குப் பதில் ஒன்றில் கேட்பதால் எல்லாமே கொஞ்சம் மெலிவாகவும் தோன்றும், இன்னும் கூட்டுவீர்கள். பெரியவர்களுக்கு 80 டெசிபல் (சத்தத்தை அளக்கும் அலகு) அளவில் வாரம் 40 மணி நேரம் என்று உலக சுகாதார நிறுவனம் எல்லை சொல்கிறது. 3 டெசிபல் கூடினாலே அது 20 மணி நேரமாகச் சுருங்கும். நாள் முழுக்கக் கடையில் இருப்பவருக்கு அது மூன்று நாளில் தீர்ந்துவிடும். அதனால் கடையில் இயர்போனை விட்டுவிட்டு, மேஜையின் வலது ஓரத்தில் ஒரு சின்ன ஸ்பீக்கர் வைத்துக்கொள்ளுங்கள். கூப்பிடும் வாடிக்கையாளரின் குரலும் கேட்கும். இயர்போன் இரவில் வீட்டில், மெஷின் இல்லாத நேரத்தில், குறைந்த சத்தத்தில். வண்டி ஓட்டும்போது வேண்டவே வேண்டாம்.

வருடம் ஒருமுறை ஆடியோகிராம், அதாவது காது எவ்வளவு கேட்கிறது என்று காட்டும் சோதனை, எடுத்துப் பழைய தாளோடு ஒப்பிட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். வலது காது என்றைக்காவது அடைத்தாற்போல் இருந்தால் எண்ணெய்க் கிண்ணத்தைத் தேடாதீர்கள். அன்றைக்கே கடையைப் பூட்டிவிட்டுக் கிளம்புங்கள்.