முடிக்கொத்து விழுந்த ஏத்தனுக்கு நானோ மஞ்சள் மருந்து அடிக்கலாமா?

கேள்வி: திருவட்டார் பக்கம் 400 ஏத்தன் (நேந்திரன்) வாழை வைத்திருக்கிறேன், நட்டு மூன்று மாதம். 11 வாழையில் குருத்து இலை குறுகி, விறைத்து, கொத்தாக நிற்கிறது. மஞ்சள் சாறு கலந்த நானோ மருந்து அடித்தால் வைரஸ் போய்விடும் என்கிறார் கடைக்காரர். வாங்கலாமா?

பதில்: வேண்டாம் அண்ணாச்சி, அந்தக் காசை வைத்துக்கொள்ளுங்கள். முதலில் ஒரு இலையை வெயிலுக்கு நேரே பிடித்து அடிப்பக்கம் பாருங்கள். நரம்பிலும் காம்பிலும் கரும்பச்சையாகப் புள்ளியும் கோடுமாக விட்டுவிட்டுத் தெரிந்தால் முடிக்கொத்து என்கிற வைரஸ் நோய்தான்.

நானோ என்பதே பொய் என்று நான் சொல்லவில்லை. மஞ்சளில் இருக்கும் குர்குமின் தண்ணீரில் கரையவே கரையாது, வெயில் பட்டால் சிதைந்தும் போகும், வேம்பின் அசாடிராக்டினுக்கும் வெயில் ஆகாது. அதனால்தான் இவற்றை 100 நானோமீட்டருக்கும் (ஒரு மீட்டரை நூறு கோடியாகப் பிரித்தால் ஒரு பங்குதான் ஒரு நானோமீட்டர்) சிறிய துகளுக்குள் பொதிந்து கொடுத்துப் பார்க்கிறார்கள். நம் குளச்சலில் குப்பையாகக் கொட்டுகிற இறால் ஓடு, நண்டு ஓடு இருக்கிறதே, அதிலிருந்து எடுக்கும் கைட்டோசான் என்கிற பொருளில்கூட அந்தத் துகளைச் செய்யலாம், கைட்டோசானுக்கே செடியின் எதிர்ப்புச் சக்தியைத் தூண்டும் குணமும் உண்டு. எனக்கு இதில் நிஜமாகவே நம்பிக்கை இருக்கிறது. ஆனால் ஆய்வகத்தில் நாற்றில் வேலை செய்வது வேறு, உங்கள் தோட்டத்து வாழை வேறு. இந்த வைரஸ் 18 முதல் 20 நானோமீட்டர்தான், அது இலைமேல் உட்கார்ந்திருக்கவில்லை, உணவு ஓடும் குழாய்க்குள் புகுந்து கிழங்கு, பக்கக்கன்று வரை போய்விடுகிறது. இலையில் அடிக்கிற மருந்து அங்கே போய்ச் சேர்ந்து வைரஸை அழிக்க வேண்டும், நோய் விழுந்த வாழையை அப்படிக் குணமாக்கும் மருந்து இன்றைக்குக் கடையில் கிடையாது.

அந்த 11 வாழையையும் எடுத்தே ஆக வேண்டும். மனசு கேட்காதுதான், ஆனால் விட்டால் மற்ற 389-க்கும் ஆபத்து. வெட்டுகிற கத்தியால் இது பரவாது, நோயுள்ள கன்றாலும் சாறு உறிஞ்சுகிற கருப்பு அசுவினிப் பூச்சியாலும்தான் பரவும். அதனால் வெட்டுவதற்கு முன்னால் லிட்டர் தண்ணீருக்கு 5 மி.லி. வேப்பெண்ணெயும் கொஞ்சம் சோப்புக் கரைசலும் கலந்து குருத்திலும் மட்டை இடுக்கிலும் நன்றாக நனைய அடியுங்கள், சும்மா வெட்டினால் அசுவினி பக்கத்து வாழைக்கு ஏறிவிடும். அப்புறம் கிழங்கோடு தோண்டி, சின்னதாக நறுக்கிக் குழியில் புதையுங்கள், கிழங்கில் ஒரு துண்டு மிஞ்சினாலும் அது நோயோடுதான் முளைக்கும்.

இனி வாரம் ஒரு தடவை எல்லா வாழையையும் பாருங்கள், எறும்பு ஏறுகிற வாழையைக் கூர்ந்து பாருங்கள், அசுவினி இருக்கும் இடத்தில் எறும்பு வரும். நோய் பிடித்தாலும் அடையாளம் தெரிய ஒரு மாதத்துக்கு மேலே ஆகலாம். இந்தத் தோட்டத்துக் கன்றை யாருக்கும் கொடுக்காதீர்கள், நீங்களும் அடுத்த நடவுக்கு எடுக்காதீர்கள். வைரஸ் சோதனை செய்த திசு வளர்ப்புக் கன்று எங்கே கிடைக்கும் என்று திருப்பதிசாரம் வேளாண் அறிவியல் நிலையத்தில் கேளுங்கள், போகும்போது அந்த இலையின் படத்தையும் கொண்டு போய்க் காட்டுங்கள்.