ஈ.சி.ஜி. நார்மல், ஆனாலும் படியேறினால் தாடை வலி

கேள்வி: என் அம்மாவுக்கு வயது 57. சர்க்கரை இருக்கிறது. கொஞ்ச நாளாகத் தண்ணீர்க் குடத்தோடு மாடி ஏறினால் மூச்சு வாங்குகிறது, தாடையும் மேல் முதுகும் வலிக்கிறதாம். உட்கார்ந்தால் சரியாகிவிடுகிறது. கேஸ் என்று சொல்லி சோடா குடிக்கிறார். ஈ.சி.ஜி. நார்மல். 'பொம்பளைங்களுக்கெல்லாம் ஹார்ட் அட்டாக் வராது' என்கிறார் அப்பா. எனக்கு 31 வயது. பிரசவத்தின்போது பி.பி. ஏறியதைத் தவிர ஒரு தொந்தரவும் இல்லை. நானும் பரிசோதிக்க வேண்டுமா?
– ஒரு வாசகி, திண்டுக்கல்

பதில்: அம்மாவை நாளைக்கே இதய மருத்துவரிடம் அழைத்துப் போங்கள். கேஸுக்கு மாடிப்படி தெரியாதும்மா. ஏறும்போது வந்து உட்கார்ந்ததும் போகிற வலி தாடையில் வந்தாலும் முதுகில் வந்தாலும், முதலில் இதயத்தைத்தான் சந்தேகப்பட வேண்டும். பெண்களுக்கும் நெஞ்சுவலிதான் அதிகம் வரும். ஆனால் கூடவே குமட்டல், மூச்சுத்திணறல், வியர்வை, இதுவரை இல்லாத அசதி என்று வந்து ஆளைக் குழப்பும். சர்க்கரை உள்ளவர்களுக்கு நெஞ்சுவலியே தெரியாமலும் போகலாம்.

ஈ.சி.ஜி.யைப் படுக்கவைத்து, சில விநாடிகளில் எடுத்துவிடுகிறார்கள். அப்போது இதயத்துக்கு வேலை குறைவு. குழாயில் அடைப்பு இருந்தாலும் கோடு ஒழுங்காகவே வரலாம். எக்கோவா, டிரெட்மில்லா, ஆஞ்சியோவா என்பதை மருத்துவர் முடிவுசெய்வார். உள்ளே போனதும் அம்மா 'கேஸ் டாக்டர்' என்றுதான் ஆரம்பிப்பார். நீங்கள் முந்திக்கொண்டு மாடிப்படிக் கதையைச் சொல்லிவிடுங்கள்.

அதற்குள் சும்மா இருக்கும்போதே வலி வந்தால், ஸ்கூட்டரில் பின்னால் உட்காரவைத்துக் கிளம்ப வேண்டாம்; 108-ஐக் கூப்பிடுங்கள். பெரிய மருத்துவமனை தூரம் என்றால், ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே முதல் டோஸ் மாத்திரை கொடுத்து அனுப்ப 2023 முதல் 'இதயம் காப்போம்' திட்டம் இருக்கிறது.

அப்பா சொல்வது பாதிக்கூட உண்மையில்லை. மாதவிடாய் நிற்கும்வரை ஈஸ்ட்ரோஜன் ஓரளவு காப்பாற்றும். பிறகு கெட்ட கொழுப்பு ஏறும். சர்க்கரை வந்துவிட்டால் அந்தச் சலுகையும் பெரும்பாலும் போச்சு. உலகம் முழுக்கப் பெண்களின் உயிரை அதிகம் பறிப்பது இதய, ரத்தக்குழாய் நோய்கள்தான். புற்றுநோயெல்லாம் அப்புறம்.

சரி, உங்கள் விஷயம். போகிறபோக்கில் எழுதிய பிரசவ பி.பி.யை நான் அப்படி விடமாட்டேன். பிரீ எக்லாம்ப்சியா (கர்ப்பகாலத்தில் பி.பி. ஏறி, சிறுநீரகம் போன்ற உறுப்புகளையும் பாதிக்கக்கூடிய நிலை) என்று அப்போது சொல்லியிருந்தால், பிற்காலத்தில் இதய நோய் வரும் வாய்ப்பு மற்றவர்களைவிடச் சுமார் இரண்டு மடங்கு. கர்ப்பகாலச் சர்க்கரையும் இந்தக் கணக்கில் சேரும். வருடம் ஒருமுறை பி.பி. பாருங்கள், சர்க்கரை, கொழுப்பு எப்போது பார்ப்பது என்று உங்கள் மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். இடுப்புச் சுற்றளவு 80 செ.மீ.க்குள் இருக்கட்டும். குழந்தையின் தடுப்பூசி அட்டையைப் பத்திரப்படுத்துகிற வீடுகளில், தாயின் டிஸ்சார்ஜ் சீட்டு மட்டும் பழைய பேப்பரோடு போய்விடுகிறது. உங்களுடையது இருக்கிறதா என்று பீரோவில் தேடுங்கள். கிடைத்தால், எந்த மருத்துவரிடம் போனாலும் அதைக் கையில் கொண்டுபோங்கள்.