அணை கட்டிய ஏரியிலிருந்து வரும் சின்ன ஆறு தெளிவாக ஓடியும் ஏன் படுகையை அரிக்கிறது?

ஏரியின் வாயை அடைத்து அணை கட்டி, மதகிலோ, மிகுநீர் வழியும் கலிங்கிலோ விடும் தண்ணீரால் ஓடுகிற ஆறு இது. மழை மட்டுமல்ல, மதகைத் திறக்கும் கையும் இதன் போக்கை முடிவு செய்கிறது.

கலங்கல் தண்ணீரை ஒரு குடத்தில் அசையாமல் வைத்துப் பாருங்கள். மண் அடியில் தங்கி, மேலே தெளிந்துவிடும். ஏரியும் அப்படித்தான். வேகம் குறைந்ததும் மணலும் வண்டலும் உள்ளேயே படிகின்றன. வெளியே வரும் தண்ணீருக்குச் சுமை இல்லை, ஓட்டத்தின் வலு மட்டும் குறைவதில்லை. அந்த வலு படுகை மணலை வாரிக்கொண்டு போகிறது. அணையை ஒட்டிய பகுதியைக் கரையிலிருந்து கவனித்தால் மணலே தெரியாது. வழவழப்பான பெரிய கூழாங்கற்கள் நெருக்கி அடுக்கியதுபோலக் கிடக்கும். மணலை நம்பி வாழும் உயிர்களுக்கு அங்கே இடம் போய்விடுகிறது. தெளிந்த நீரைப் பார்த்து மகிழும்போது இதையும் நினைக்க வேண்டும்.

கோடையில் அடிமதகு திறந்தால் தண்ணீர் சில்லென்று வரும். ஆழத்துக்கு வெயில் எட்டுவதில்லை. கீழே ஓடைகள் சேரச் சேர மணலும் இளஞ்சூடும் திரும்புகின்றன.

ஆறு அணையில்தான் பிறக்கிறது என்று பலர் நினைக்கிறார்கள். அப்படியல்ல, ஏரிக்கு அடியில் மூழ்கிக் கிடப்பது பெரும்பாலும் அதே ஆற்றின் பழைய பள்ளத்தாக்குதான்.