வாசகர் கேள்வி பதில்: கொதிநீரில் குடியிருப்பவை

கேள்வி: கோடை விடுமுறையில் இமாசலப் பிரதேசத்தின் மணிகரணுக்குப் போயிருந்தோம். அரிசியைத் துணியில் முடிந்து வெந்நீர் ஊற்றில் இறக்கினால் சோறாகிவிடுகிறது. ஊற்றுநீர் வழிந்தோடும் வாய்க்காலில், சற்றுத் தள்ளி, பச்சையாக ஏதோ வழவழவென்று படிந்திருந்தது. சோறு வேகும் நீரில் உயிர் இருக்குமா? இருந்தால் எதைத் தின்று வளரும்?
(வாசகி, தண்டையார்பேட்டை)

பதில்: 'சற்றுத் தள்ளி' என்று எழுதியிருக்கிறீர்களே, விடையில் பாதி அதிலேயே இருக்கிறது. ஏறத்தாழ 73 டிகிரி செல்சியசுக்கு மேல் ஒளிச்சேர்க்கை நடப்பதில்லை. ஆகவே, வெயிலைக் கொண்டு கார்பன் டை ஆக்சைடை உணவாக்கும் நீலப்பச்சைப் பாசிகள் ஊற்றுக்கண்ணை ஒட்டி வளராமல், நீர் ஆறிவரும் இடத்திலிருந்தே தொடங்கும்.

அதைவிடச் சூடான நீரிலும் உயிர்கள் உண்டு. அமெரிக்காவின் எல்லோஸ்டோன் பூங்காவிலுள்ள ஆக்டோபஸ் ஊற்றில், 82 முதல் 88 டிகிரி வரை கொதிக்கும் நீரோட்டத்தில், தெர்மோகிரினிஸ் என்னும் பாக்டீரியா இளஞ்சிவப்பு இழைகளாக அலைந்துகொண்டிருக்கிறது. அதற்கு வெளிச்சம் வேண்டியதில்லை. நீரிலுள்ள ஹைட்ரஜனையோ கந்தகச் சேர்மங்களையோ ஆக்சிஜனோடு சேர்த்து அது ஆற்றல் பெறுகிறது. அந்த ஆற்றலைச் செலவிட்டு, நீரில் கரைந்த கார்பன் டை ஆக்சைடைத் தன் உடலாகக் கட்டிக்கொள்கிறது. இது நடக்கும் வழிதான் வேடிக்கை. பிளஸ் டூ உயிரியலில் நாம் உருப்போட்ட கிரெப்ஸ் சுழற்சி நம் உடலில் உணவைச் சிதைத்துக் கார்பன் டை ஆக்சைடை வெளியேற்றுகிறது அல்லவா? இந்தக் குடும்பத்து பாக்டீரியாக்களில் அதே சக்கரம் பின்னோக்கிச் சுழன்று, அதே வாயுவை உள்ளே இழுக்கிறது. செடிகள் கையாளும் முறையைவிட இதில் ஆற்றல் செலவும் குறைவு.

கேள்வி: கார்பன் சரி, நைட்ரஜனுக்கு என்ன செய்யும்? காற்றிலுள்ள நைட்ரஜனை அம்மோனியாவாக்க எவ்வளவு பாடுபட வேண்டும் என்பது உர ஆலையில் வேலை பார்த்த எனக்குத் தெரியும்.
(வாசகர், மணலி)

பதில்: பாடு அவற்றுக்கும் உண்டு. ஆலையில் 400 டிகிரிக்கு மேற்பட்ட வெப்பமும் நூறு மடங்குக்கும் அதிகமான வளிமண்டல அழுத்தமும் இரும்பு வினையூக்கியும் சேர்ந்து உடைக்கும், இரு நைட்ரஜன் அணுக்களை இறுக்கிப் பிடித்திருக்கும் அந்த முப்பிணைப்பை, நுண்ணுயிர்கள் நைட்ரஜனேஸ் என்னும் நொதியால் உடைக்கின்றன. ஒரு நைட்ரஜன் மூலக்கூறுக்குக் உயிரணுவின் ஆற்றல் நாணயமான ஏடிபி மூலக்கூறுகள் குறைந்தது 16 செலவாகின்றன. அதனால் ஊற்றுநீரில் அம்மோனியா போதிய அளவு கிடைத்தால், பெரும்பாலும் இந்த வேலையில் அவை இறங்குவதே இல்லை.

இன்னொரு சிக்கல், ஆக்சிஜன் பட்டால் நைட்ரஜனேஸ் கெட்டுவிடும். பகல் முழுதும் ஆக்சிஜன் வெளியிடும் பாசி இதை எப்படிச் சமாளிக்கிறது? எல்லோஸ்டோன் ஊற்றுகளின் பாசிப் படலத்தில் வாழும் சைனக்கோகாக்கஸ் என்னும் நீலப்பச்சைப் பாசி ஷிப்ட் முறையைக் கையாளுகிறது என்று, ஷிப்ட் பார்த்த உங்களிடம் தயங்காமல் சொல்லலாம். பகலில் கார்பன் பிடிப்பு. பொழுது சாய்ந்து, படலத்துக்குள் ஆக்சிஜன் தீர்ந்ததும் நைட்ரஜனேசுக்கான மரபணுக்கள் விழித்துக்கொள்கின்றன. இரவில், ஆக்சிஜன் இல்லாமலே உணவைச் சிதைக்கும் நொதித்தலில் கிடைக்கும் சொற்ப ஆற்றலில் வேலை மெதுவாகவே நகரும். விடிந்து வெளிச்சம் வந்தும் ஆக்சிஜன் இன்னும் சேராத அந்தச் சிறு பொழுதில்தான் நைட்ரஜன் பிடிப்பு உச்சத்தை எட்டுகிறது.

ஆழ்கடல் வெந்நீர்த் துவாரத்திலிருந்து எடுத்த, மீத்தேன் உண்டாக்கும் ஓர் ஆர்க்கியா (பாக்டீரியாவைப் போன்ற, ஆனால் தனி இனமான நுண்ணுயிர்) 92 டிகிரியிலும் நைட்ரஜனைப் பிடிப்பது 2006-இல் தெரியவந்தது.

கேள்வி: பி.சி.ஆர். சோதனைக்கான நொதி வெந்நீர் ஊற்றிலிருந்து வந்ததாமே, அந்த உயிரும் இப்படித்தான் வாழ்கிறதா?
(வாசகர், வியாசர்பாடி)

பதில்: இல்லை. எல்லோஸ்டோனில் கண்டெடுத்து, தாமஸ் பிராக்கும் ஹட்சன் ஃப்ரீசும் 1969-இல் விவரித்த தெர்மஸ் அக்வாட்டிகஸ் என்னும் பாக்டீரியாதான் அந்த நொதியைத் தந்தது; அது தானாகக் கார்பன் பிடிப்பதில்லை. மேலே சொன்ன உழைப்பாளிகள் சேர்த்துவைப்பதை உண்டே அது வாழ்கிறது.