கருப்பு பாஸ்பரஸ் வாங்கும் முன் படலத்தைக் கழற்றிப் பாருங்கள்

கேள்வி: உதகையில் எங்கள் கல்லூரி ஆய்வகத்தில் 1,560 நானோமீட்டர் எர்பியம் ஃபைபர் லேசர் இருக்கிறது. மாலிப்டினம் டைசல்பைடு துகள் (மங்கலான ஒளியை உறிஞ்சி, வலுத்த ஒளியை விடுவது) கலந்த பிவிஏ (பாலிவினைல் ஆல்கஹால்) படலத்தைக் கனெக்டருக்கு நடுவில் வைத்ததும் ஒளி துடிப்பாக (பல்ஸ்) வந்தது. மழை பிடித்ததிலிருந்து தொடர் ஒளிதான். அந்தத் துகளுக்குப் பதில் கருப்பு பாஸ்பரஸ் போட்டால் சரியாகும் என்கிறார் சப்ளையர். வாங்கலாமா?

பதில்: வாங்காதீர்கள். காற்று, ஈரம், வெளிச்சம் மூன்றும் சேர்ந்தால் கருப்பு பாஸ்பரஸ் ஆக்சிஜனேற்றமாகிக் கெட்டுவிடும். உதகை மூடுபனியில் அதைத் திறப்பது காசைக் கரியாக்குவதுதான்.

கோளாறு பெரும்பாலும் பிவிஏவில் இருக்கும். அது தண்ணீரில் கரையும் பாலிமர். ஈரத்தை இழுத்து இளகும். ஒளி விழுவதோ சுமார் 10 மைக்ரான் புள்ளியில். அங்கே சூடேறி ஓட்டை விழுந்தால் ஒளி படலத்தைத் தொடாமலே போய்விடும். பவர் மீட்டரில் படலத்தோடும் படலம் இல்லாமலும் அளந்து பாருங்கள். நல்ல படலத்தில் 1 முதல் 3 டெசிபல் இழப்பு இருக்கும். இழப்பே இல்லையென்றால் ஓட்டை. கூடியிருந்தால் கரி அல்லது அழுக்கு.

புதுப் படலத்துக்கு 100 மில்லி தண்ணீரில் 5 கிராம் பிவிஏ போட்டு, 90 டிகிரியில் தெளியும்வரை கலக்குங்கள். ஆறியதும் மாலிப்டினம் டைசல்பைடு துகள் கரைசலைச் சேர்த்து, குமிழி அடங்கியபின் பெட்ரி தட்டில் ஊற்றி, 50 டிகிரி அவனில் காயவிடுங்கள். ஜூலை மாத ஊட்டி வெயிலை நம்ப வேண்டாம். தடிமன் 50 மைக்ரானைத் தாண்டக்கூடாது. 1 மில்லிமீட்டர் துண்டு போதும். மிச்சம் சிலிக்கா ஜெல் டப்பாவுக்குள் போகட்டும்.

துகள் கரைசலுக்கு "ஒற்றை அடுக்கு" (ஒரே மூலக்கூறு அடுக்கு தடிமன்) என்று கூடுதல் விலை சொல்வார்கள், ஏமாறாதீர்கள். அந்த பாட்டிலுக்கான ராமன் வரைபடத்தை (லேசர் ஒளி சிதறுவதை வைத்துப் பொருளை அறியும் சோதனை) கேளுங்கள். 383, 408 செ.மீ⁻¹ அருகே இரு சிகரங்கள் தெரியும். இடைவெளி 25 என்றால் தடித்த துகள். 19 அருகே வந்தால்தான் ஒற்றை அடுக்கு. அதுவும் உங்களுக்குத் தேவையில்லை. 1,560 நானோமீட்டர் ஃபோட்டானின் ஆற்றல் 0.8 எலக்ட்ரான் வோல்ட். ஒற்றை அடுக்கு ஒளியை உறிஞ்சத் தேவையான ஆற்றல், அதாவது பட்டை இடைவெளி, சுமார் 1.8 எலக்ட்ரான் வோல்ட். குறையில்லாத அடுக்கு இந்த ஒளியை ஏறக்குறைய விட்டுவிடும். உறிஞ்சுவது விளிம்புகளும் குறைகளும்தான். இதைப் பர்சேஸ் கமிட்டிக்கு யார் புரியவைப்பது? மூன்று கொட்டேஷன், எல்-1 (குறைந்த விலை சொன்னவர்), கையெழுத்து என்று மாதக்கணக்கில் இழுத்து, கடைசியில் ஸ்டோரில் கிடந்து கெட்ட பாட்டில் வந்து சேரும்.

இன்னொன்று, பலரும் செய்யாத சோதனை. துடிப்பு வந்ததும் படலத்தை எடுத்துவிட்டு, ஒளியின் முனைவாக்கத்தை மாற்றும் போலரைசேஷன் கன்ட்ரோலரை எல்லா நிலையிலும் திருப்புங்கள். அப்போதும் துடிப்பு வந்தால் அது படலத்தின் வேலையல்ல. ஃபைபருக்குள் ஒளியின் முனைவாக்கம் சுழல்வதால் வருவது. ஒரு நிலையில் பார்த்து வராவிட்டால் போதாது. கன்ட்ரோலரின் ஒவ்வொரு துடுப்பையும் முழுக்கத் திருப்புங்கள், பம்ப் (லேசருக்கு ஆற்றல் ஊட்டும் ஒளி) பவரையும் மாற்றிப் பாருங்கள். இதைச் செய்யாமல் எழுதும் முடிவு நிற்காது. பம்பைக் கூட்டும்போது துடிப்பு வீதம் கிலோஹெர்ட்ஸில் ஏறினால் க்யூ-ஸ்விட்சிங் (ஆற்றலைத் தேக்கித் தேக்கி விடும் நீண்ட துடிப்பு). 20 மீட்டர் வளையத்தில் 10 மெகாஹெர்ட்ஸிலேயே நின்றால் மோட்-லாக்கிங் (வளையத்தைச் சுற்றிச் சுற்றி வரும் மிகக் குறுகிய துடிப்பு).

கனெக்டரைக் கழற்றும் முன் பம்பை அணையுங்கள். 1,560 'கண்ணுக்குப் பாதுகாப்பு' என்பார்கள். மிச்சமாக வரும் 976 நானோமீட்டர் பம்ப் ஒளி நேராக விழித்திரைக்குப் போகும், கண்ணுக்கும் தெரியாது.