அண்டார்டிகா பயணத்தோடு சவுத் ஜார்ஜியா தீவையும் சேர்த்துக்கொள்ளலாமா? கூடுதல் நாட்களும் பணமும் தகுமா?

தகும். அண்டார்டிகா தீபகற்பம், சவுத் ஜார்ஜியா இரண்டில் ஒன்றுக்குத்தான் போக முடியும் என்று யாராவது சொன்னால், யோசிக்காமல் சவுத் ஜார்ஜியாவைத்தான் தேர்ந்தெடுப்பேன். பனிமலையும் பனிப்பாறையும் மட்டும் போதும் என்றால் தீபகற்பத்தோடு நிறுத்திக்கொள்ளலாம். உயிரினங்களைப் பார்க்க வேண்டும், அவற்றுக்கு மனிதன் என்ன செய்தான் என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும் என்றால் இந்தத் தீவுக்கு ஈடாக வேறு இடம் எனக்குத் தெரியாது.

முதலில் தூரத்தைப் புரிந்துகொள்ளுங்கள். அங்கே விமான ஓடுதளம் கிடையாது. தென் அட்லாண்டிக் கடலில், ஃபாக்லாந்து தீவுகளிலிருந்து கிழக்கே சுமார் 1,400 கிலோமீட்டர். கப்பலில் இரண்டு நாட்களுக்கு மேல் ஆகும். நிரந்தரக் குடிமக்கள் யாரும் இல்லை. கிங் எட்வர்ட் பாயின்ட்டில் பிரிட்டிஷ் ஆய்வு நிலையமும் ஒருசில அரசு அலுவலர்களும்தான். உடம்புக்கு ஏதாவது என்றால் மருத்துவமனைக்கு மறுபடியும் அதே கடல்வழிதான். அதனால் அவசர மருத்துவ மீட்பையும் சேர்த்த பயணக் காப்பீடு இல்லாமல் கிளம்பாதீர்கள்.

எனக்கு மறக்கவே முடியாத இடம் செயின்ட் ஆண்ட்ரூஸ் விரிகுடா. சுமார் ஒன்றரை லட்சம் ஜோடி கிங் பெங்குயின்கள் அங்கே இனப்பெருக்கம் செய்கின்றன. படங்களில் பார்த்திருப்பீர்கள். ஆனால் அந்தச் சத்தமும் நாற்றமும் படத்தில் வராது. கிங் பெங்குயின் ஒரு குஞ்சை வளர்த்து முடிக்க ஓராண்டுக்கு மேல் ஆகிறது. அதனால் எந்த மாதம் போனாலும் பழுப்பு நிறப் பஞ்சு உடம்போடு குஞ்சுகள் நிற்கும். கடலிலிருந்து திரும்பும் தாயோ தந்தையோ கூட்டத்தின் ஓரத்தில் நின்று கழுத்தை நிமிர்த்திக் குரல் கொடுக்கும். இத்தனை ஆயிரம் குரல்களுக்கு நடுவில் அதற்கு உரிய குஞ்சு மட்டும் பதில் சொல்லிக்கொண்டு ஓடிவரும். இடையில் பசியோடு வேறு குஞ்சுகள் வந்து கேட்கும். அவற்றைக் கொத்தி விரட்டிவிடும். கடலிலிருந்து திரும்பும் ஒரே ஒரு பெங்குயினைக் கண்ணால் பின்தொடர்ந்து, அந்தச் சந்திப்பு நடக்கும்வரை காத்திருங்கள். கேமராவைக் கொஞ்ச நேரம் உள்ளே வைத்துவிடுங்கள்.

அப்புறம் கிரிட்விக்கன். 1904ல் கார்ல் ஆன்டன் லார்சன் என்ற நார்வேக்காரர் தொடங்கிய திமிங்கல எண்ணெய் ஆலை. 1960களின் நடுப்பகுதி வரை இந்தத் தீவின் ஆலைகளிலும் சுற்றியுள்ள கடலிலும் 1,75,000க்கும் மேற்பட்ட திமிங்கலங்களை வெட்டிக் காய்ச்சினார்கள். துருப்பிடித்த கொதிகலன்கள் இன்றும் அப்படியே நிற்கின்றன. அவற்றுக்கு நடுவில் ஃபர் சீல்கள் என்ற ரோமம் அடர்ந்த கடல்நாய்கள் படுத்துத் தூங்குகின்றன. அந்த ஃபர் சீல்களையும் அதற்கு முந்தைய நூற்றாண்டில் தோலுக்காகக் கொன்று கிட்டத்தட்ட ஒழித்தே விட்டிருந்தார்கள். இன்று உலகிலுள்ள அண்டார்டிக் ஃபர் சீல்களில் பெரும்பகுதி இந்தத் தீவில்தான் குட்டி போடுகிறது. நீலத் திமிங்கலங்கள் பல பத்தாண்டுகளாகக் கண்ணில் பட்டதே அரிது. 2020ல் நடந்த கணக்கெடுப்பில் 50க்கும் மேற்பட்டவற்றைப் பார்த்தார்கள். கொன்ற இடத்திலேயே நின்றுகொண்டு, திரும்பி வந்ததைப் பார்க்க முடிகிறது. நான் இந்தத் தீவைப் பரிந்துரைப்பதற்கு முதல் காரணம் இதுதான்.

துருவப் பயணி எர்னஸ்ட் ஷாக்கிள்டனின் கல்லறையும் கிரிட்விக்கனில்தான் இருக்கிறது. 1916ல் எலிஃபன்ட் தீவில் தன் குழுவினர் 22 பேரை விட்டுவிட்டு, சிறு படகில் சுமார் 1,300 கிலோமீட்டர் கடந்து இந்தத் தீவுக்கு வந்து, குழுவிலிருந்த ஃபிராங்க் வோர்ஸ்லி, டாம் கிரீன் இருவரோடு வரைபடமே இல்லாத மலைகளை நடந்தே தாண்டி உதவி கேட்டவர். அந்த 22 பேரும் உயிரோடு மீட்கப்பட்டார்கள். வானிலை இடம் கொடுத்தால் சில கப்பல்கள் அந்த நடையின் கடைசிப் பகுதியை, ஃபார்ச்சுனா விரிகுடாவிலிருந்து ஸ்ட்ராம்னெஸ் வரை, நடக்க அழைத்துப்போகும். வாய்ப்புக் கிடைத்தால் விடாதீர்கள்.

தீவை நெருங்கும் முன் கப்பலில் ஒரு பெரிய சுத்தப்படுத்தும் வேலை நடக்கும். பூட்ஸின் அடிப்பள்ளங்கள், வெல்க்ரோ, பையின் மூலைகள் என்று ஊசி வைத்துக் குத்தி ஒவ்வொரு விதையையும் மண்துகளையும் எடுக்க வேண்டும். அரசு அலுவலர் வந்து சோதிப்பார். சிலருக்கு இது எரிச்சலாக இருக்கிறது, எனக்கு இல்லை. வேட்டைக் கப்பல்களில் வந்த எலிகள் இந்தத் தீவின் தரைக்கூடுப் பறவைகளின் முட்டைகளையும் குஞ்சுகளையும் தின்று தீர்த்துக்கொண்டிருந்தன. 2011 முதல் 2015 வரை ஹெலிகாப்டர்களில் எலிகள் இருந்த பகுதிகளில் எல்லாம் விஷ இரை தூவி, 2018ல்தான் எலி இல்லாத தீவு என்று அறிவித்தார்கள். பனியாறுகளைத் தாண்ட எலிகளால் முடியாது என்பதால் பகுதி பகுதியாக ஒழிக்க முடிந்தது. பனியாறுகள் வேகமாகப் பின்வாங்குவதால், இன்னும் தாமதித்திருந்தால் அந்தத் தடுப்பும் போயிருக்கும். இப்போது அங்கு மட்டுமே வாழும் பிப்பிட் என்ற சிறு பாடும் பறவை பழைய இடங்களுக்குத் திரும்பிவிட்டது. அதன் பாட்டைக் கேட்ட பிறகு, பூட்ஸை இன்னொரு முறை தேய்க்கச் சொன்னாலும் மனம் கோணாது.

2023ல் பறவைக் காய்ச்சல் இந்தத் தீவையும் எட்டியது. பறவைகளோடு யானை சீல்கள் என்ற பெரிய கடல்நாய்களும் இறந்தன. அதனால் கரையில் உட்காரக் கூடாது, மண்டியிடக் கூடாது, பையைத் தரையில் வைக்கக் கூடாது என்று சொல்வார்கள். தயவுசெய்து அப்படியே கேளுங்கள். சில கரைகள் மூடப்பட்டும் இருக்கலாம்.

எந்த மாதம்? அக்டோபர், நவம்பரில் பனி அதிகம். யானை சீல்களின் சண்டையும் குட்டிகளும் அப்போதுதான். டிசம்பரில் ஆண் ஃபர் சீல்கள் கரையை ஆக்கிரமித்துப் பாய்ந்து வரும் என்பதால் சில இடங்களில் இறங்கவே முடியாது. பாய்ந்து வந்தால் ஓடாமல் நின்று சத்தம் போடுங்கள், பெரும்பாலும் நின்றுவிடும். பிப்ரவரி, மார்ச்சில் ஃபர் சீல் குட்டிகள் துறுதுறுவென்று எங்கும் விளையாடும். நான் நவம்பர் என்பேன்.

கப்பலைத் தேர்ந்தெடுக்கும்போது அறையைவிடப் பயணிகளின் எண்ணிக்கையைப் பாருங்கள். பெரும்பாலான இடங்களில் ஒரு நேரத்தில் 100 பேருக்கு மேல் கரையில் இறக்க மாட்டார்கள். பெரிய கப்பல் என்றால் உங்கள் முறைக்காகக் காத்திருந்தே பாதி நேரம் போய்விடும். தீவில் எத்தனை நாள் என்றும் கேளுங்கள். பனியாற்றிலிருந்து இறங்கும் காற்று சில நிமிடங்களில் புயலாகிவிடும், அலை உயர்ந்தால் ரப்பர் படகு இறங்காது. இரண்டே நாள் ஒதுக்கிய பயணத்தில் அந்த இரண்டு நாளும் காற்று அடித்தால் தீவைக் கப்பலிலிருந்து பார்த்துவிட்டுத் திரும்ப வேண்டியதுதான். குறைந்தது நான்கு நாள் தீவில் இருக்கும் பயணமாகப் பார்த்துப் பதிவு செய்யுங்கள்.