கதையை வெட்டுவதற்கு முன் முழுதாகக் கேளுங்கள்

வணக்கம். இரவுப் பணி பற்றிச் செவிலியர்கள் சொன்ன கதைகளை நான்கு பேர் சேர்ந்து ஆய்கிறோம், ஆளுக்கொரு பொருள் வருகிறது, எது சரி என்று தெரியவில்லை என்று கேட்டிருந்தீர்கள்.

வரிவரியாக வெட்டி, ஒவ்வொரு துண்டுக்கும் ஒரு தலைப்பு கொடுத்துக் குறியிட ஆரம்பித்ததுதான் சிக்கல் என்று நினைக்கிறேன். கதையின் உயிர் அதன் வரிசையில் இருக்கிறது. உதாரணமாக, ஒரு செவிலியர் மருத்துவரை அழைத்தது நோயாளிக்கு மூச்சுத் திணறும் முன்பா, பிறகா? துண்டாக்கினால் அது போய்விடும். முதலில் ஒருவர் முழுக் கதையையும் உரக்கப் படிக்கட்டும், மற்றவர்கள் கேட்கட்டும். அப்புறம் காலம், உறவு, இடம் மூன்றையும் வைத்துப் பேசுங்கள். கதைவழி ஆய்வை வளர்த்த கல்வி ஆய்வாளர்கள் கிளாண்டினினும் கானலியும் காட்டிய வழி அது.

கருத்து வேறுபாட்டை அழிக்காதீர்கள், பதிவு செய்யுங்கள். தீவிர சிகிச்சைப் பிரிவில் வேலை பார்த்தவர் காதில் விழுவது, வகுப்பறையில் இருப்பவர் காதில் விழாது. செவிலியர் துறை ஆய்வாளர் பட்ரீசியா பென்னர் 1984-இல் புதியவர் முதல் நிபுணர் வரை 5 படிநிலைகளை விளக்கியதே செவிலியர்களின் அனுபவக் கதைகளைக் கொண்டுதான்.

எழுதியதைக் கதை சொன்னவரிடமே காட்டிவிடுங்கள். பெயரை மாற்றுவது மட்டும் போதாது. சின்ன வார்டில் சம்பவத்தை வைத்தே ஆளைக் கண்டுபிடித்துவிடுவார்கள். எதை நீக்கலாம் என்பதை அவரே சொல்லட்டும்.